மாப்பிள்ளை தங்கிய வீடு

மன்றத்தில் ஏறக்குறைய ஆளுக்கு ஒரு பதவி. ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு இணைச்செயலாளர், நிதியே இல்லாத நிதிக்கு ஒரு பொருளாளர், யாரும் ஆலோசனை கேட்காத ஒரு கௌரவ ஆலோசகர். இவர்கள் போக வெறும் உறுப்பினர் என்று மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அவருக்கும் அடுத்த ஆண்டு ஏதாவது பார்த்துச் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் உப்பைக் கரைத்து, அதில் பவளம் வளர்ப்பவர்களின் சங்கம் அது. பெயர், 'கடல்சார் பவளக் காவலர் மன்றம்'. கடல் அந்த ஊரிலிருந்து வெகு தூரம். காவலர்களில் பாதிப் பேர் அதில் கால் நனைத்ததுகூட இல்லை.

தலைவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற அன்று முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பார்வையை வாங்க மறந்துவிட்டார்கள். அந்தப் பார்வையோடு வீட்டுக்கு வந்தவர் சமையலறை, மொட்டைமாடி, மாப்பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பவளத்துக்கு வந்து சேர்ந்தார்.

மன்றத்தின் விதிகளை எழுதியவர் அவர்தான். விதி எண் ஒன்று: குளிக்காமல் எந்தப் பவளமும் தொட்டிக்குள் நுழையலாகாது. கடையிலிருந்து வந்த பவளத்தை மருந்துத் தண்ணீரில் பத்து நிமிடம் அலச வேண்டும். ஒட்டியிருக்கும் புழு பூச்சி உதிரும். உதிராததை உருப்பெருக்கி வைத்துத் தேட வேண்டும். பிறகு தனித் தொட்டியில் சில வாரம் காவலில் வைத்து, நன்னடத்தை தெரிந்தபின்தான் வீட்டுத் தொட்டியில் சேர்க்க வேண்டும். இதை மீறியவர்களைப் பற்றி மன்றத்தின் வாட்ஸப் குழுவில் அவர் எழுதும் கண்டனங்களைப் படித்தால், கொலைக்குற்றம் கொஞ்சம் லேசானது என்று தோன்றும்.

அப்படிப்பட்டவர் வீட்டுத் தொட்டியில்தான் குட்டிப்பனை முளைத்தது.

குட்டிப்பனை என்பது மன்றத்தில் வழங்கும் பெயர். கடல் சாமந்தி வகையில் ஒரு பூச்சிப்பயல். நகத்தளவு உயரம், பழுப்புத் தண்டு, உச்சியில் விரிந்த கொண்டை. பார்த்தால் பனைமரத்தைச் சுருக்கி நட்டுவைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்று, அந்த இடத்தில் பிள்ளை பெறும். கத்தியால் சுரண்டினால் சிதறிய ஒவ்வொரு துணுக்கும் தனிப் பனையாகும். 'கத்தியைத் தொடாதீர்' என்பது விதி எண் மூன்று.

அது எப்படி உள்ளே வந்தது என்பது தலைவருக்குத் தெரியும்.

பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக மகள் வீட்டுக்குப் போனவள் அவர் மனைவி. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்ட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார். "கதவைப் பூட்டிட்டுப் படுங்க" என்பாள். யாராவது கேட்டால் தலைவர், "வந்துடுவா" என்பார். வந்தாள். தையல் மெஷினை எடுத்துப் போவதற்கு.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, வண்டிக்காரனும் இன்னொருவனுமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மனைவி கைப்பையிலிருந்து தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மீன் கடையில வித்தான். நீங்க இந்தக் கல்லைத்தானே வெச்சிருக்கீங்க?"

சின்னப் பொத்தான்களை நெருக்கித் தைத்த மாதிரி ஒரு பச்சைப் பவளம். எல்லாப் பொத்தானும் மூடியிருந்தது.

"விரிஞ்சா நல்லாயிருக்குமாம். அவன் சொன்னான்."

"விரியும். வெளிச்சத்துல வெச்சா விரியும். நீ உக்காரு, பார்த்துட்டுப் போலாம்."

மருந்துத் தண்ணீர் கலக்க நேரமாகும். அலசப் பத்து நிமிடம். தலைவர் வாசலைப் பார்த்தார். பையை வெட்டினார். குளிக்காத பவளத்தை நேராகத் தொட்டியின் நடுப்பாறையில், விளக்குக்கு நேர்கீழே வைத்தார். வாழ்நாளில் அவர் சோதிக்காமல் உள்ளே விட்ட ஒரே சரக்கு அதுதான்.

இருவரும் நின்று பார்த்தார்கள். கீழே ஹாரன் அடித்தது.

"மூடியே இருக்கே?"

"பழகணும். கொஞ்சம் இரு."

"அவன் கத்துவான்ங்க. விரிஞ்சா போட்டோ அனுப்புங்க."

மறுநாள் காலை விரிந்தது. போட்டோ அனுப்பினார். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அதற்கப்புறம் சில வாரங்களில் அதன் அடிவாரத்தில் முதல் குட்டிப்பனை கொண்டை விரித்தது.

தலைவர் முதலில் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். அலுவலகத்தில் மேலதிகாரியின் தவறுகளைப் பார்க்காமல் இருந்த பழக்கம் கைகொடுத்தது. அது மூன்றானதும் ஆத்திரம் வந்து, விதி எண் மூன்றை எழுதிய அதே கையால் கத்தியை எடுத்தார். அதன்பின் எண்ணிக்கை சொல்லுகிற நிலையில் இல்லை.

இந்த இடத்தில் மன்றத்தின் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டிப்பனையைத் தின்னும் மீன் மன்றத்துக்கு ஒன்றுதான். செயலாளரான பல் டாக்டர் அம்மாளுடையது. விரல் நீளம், நைந்துபோன துணிக்கிழிசல் மாதிரி நிறம், எப்போதும் எதையோ விசாரிப்பது போல் கூம்பிய வாய். யார் வீட்டில் பனை முளைக்கிறதோ அந்த வீட்டுக்குப் போகும், தின்னும், தீர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். போகிற இடமெல்லாம் விருந்து என்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். டாக்டருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மாப்பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்போது மாப்பிள்ளை பொருளாளர் வீட்டில் விருந்தை முடித்திருந்தது. அடுத்து டிராயிங் மாஸ்டர் கேட்டிருந்தார். தலைவர் குழுவில் எழுதினார்: 'முன்னெச்சரிக்கை ஆய்வின் பொருட்டு மாப்பிள்ளையைச் சிறிது காலம் தலைமையகத்தில் வைத்திருக்க உத்தேசம்.' தலைமையகம் என்பது அவர் வீட்டு ஹால்.

"பனை முளைச்சிருச்சா தலைவரே?" என்று இணைச்செயலாளர் கேட்டார்.

'ஆய்வு' என்று பதில் போட்டார் தலைவர்.

"நீங்க முதல்ல வைங்க தலைவரே. எனக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்கு" என்றார் டிராயிங் மாஸ்டர், கும்பிடும் கைகளோடு.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மாப்பிள்ளையை ஒரு வாளியில் கொண்டுவந்தார். தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். சொத்தைப் பல்லை ஒளித்துவைக்கும் நோயாளியைப் பார்க்கிற பார்வை.

"ஆய்வு நல்லா நடக்குது போல?"

"தற்காலிகமா சில..."

"தோப்பே வெச்சிருக்கீங்க. தள்ளுங்க."

மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கியதும் கொஞ்ச நேரம் பாறைக்குப் பின்னால் மரியாதைக்கு ஒதுங்கி நின்றது. அப்புறம் வந்து, ஒரு பனையைச் சுற்றிப் பார்த்து, கொண்டையோடு பறித்தது.

"சாப்பிட ஆரம்பிச்சிட்டார்!" என்று டாக்டர் கைதட்டினார். "உக்கார ஒரு நாற்காலி போடுங்க தலைவரே. ஏன் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கீங்க, படம் பாக்கற மாதிரி?"

தலைவர் உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். துடைத்தும் வைத்தார்.

டாக்டர் பேசினார். டீ ஆறும்வரை பேசினார், ஆறிய பின்னும் பேசினார். "வாரம் பூரா ஆளுக்காள் என் முன்னாடி வாயைத் திறந்துட்டு உக்கார்றாங்க சார். ஒருத்தராவது பேசறாங்களா? ஆ, ஊன்னு ரெண்டு எழுத்து. வீட்டுக்குப் போனா அங்க இருக்கறவர் அதுவும் இல்ல." தலைவர் சிரித்தார். தன் சிரிப்பு ஹாலில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் யாரோ என்று திடுக்கிட்டார்.

அந்த வாரத்தில் தலைவர் பிஸ்கட்டில் மூன்று தினுசு வாங்கினார். அடுத்த வாரத்தில் சட்டையை இஸ்திரி போட்டார். ஹாலில் இரண்டு நாற்காலிகள் தொட்டியைப் பார்த்து நிரந்தரமாக நின்றன. மாலையில் விளக்கு அணைந்ததும் மாப்பிள்ளை ஒரு குழாயின் நுனியை வாயால் கவ்விக்கொள்ளும். தூக்கத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க அந்த மீன்கள் அப்படித்தான் தூங்கும். தலைவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைப் பூட்டுவார்.

சாப்பாட்டில் மாப்பிள்ளை சுத்தம். பனைத்தோப்பு மளமளவென்று காலியானது.

"இன்னும் நாலஞ்சுதான்" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் மாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். பாவம், அவருக்கு நிறைய ஆயிடுச்சாம்."

"போகட்டும், போகட்டும்" என்றார் தலைவர்.

டாக்டர் போனதும் மிச்சமிருந்த பனைகள் உள்ள பாறைச் சில்லுகளை உடைத்து எடுத்தார். தையல் மெஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இருந்தது. அந்த நாலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டியை வைத்தார். விளக்கு போட்டார். இறாலை நசுக்கி ஊட்டினார். ஊரெல்லாம் பூச்சி மருந்தடித்துக் கொல்லப் பார்க்கும் ஜீவனை, மன்றத்தின் தலைவர் சோறு ஊட்டி வளர்த்தார். அது நன்றியுள்ள ஜீவன். அவர் நிழல் விழுந்தால் சுருங்கியது, நகர்ந்தால் விரிந்தது, பெருகியது.

சனிக்கிழமை மாலைகளில் நடவு. வாடிய பனைகளை நிராகரித்தார். தேறியவற்றைச் சில்லோடு எடுத்துப் பசை வைத்துப் பெரிய தொட்டியின் பாறையில் ஒட்டினார்.

"அட! மறுபடி முளைச்சிருக்கே!" என்றார் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை.

"விடாப்பிடியான இனம்" என்றார் தலைவர் பெருமூச்சோடு. "மாப்பிள்ளை இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

ஒரு வாரம் பல வாரமாயிற்று. குழுவில் டிராயிங் மாஸ்டர் எப்போதாவது, 'மாப்பிள்ளை சௌக்கியமா?' என்று மட்டும் கேட்டார். அதற்குக் கீழே தன் தொட்டியின் படம் போட்டார். ஒவ்வொரு படத்திலும் பழுப்பு கூடியது. தலைவர் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் காலை மனைவி தந்த பச்சைப் பவளம் விரியவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். மறுநாள் பார்த்தால் பாதிப் பொத்தான்கள் இல்லை. மாப்பிள்ளை அதன் பக்கத்தில் நின்று, விசாரிக்கும் வாயோடு, ஒன்றைப் பிடுங்கியது. வாரம் ஒருமுறை வரும் விருந்து அதற்குப் போதவில்லை. நடுநாட்களில் வீட்டுச் சாமானில் கைவைத்திருக்கிறது.

சாயங்காலம் போன் வந்தது.

"என் கல்லு எப்படி இருக்கு?"

அவள் அதைக் கேட்டதே இல்லை. அன்று பார்த்துக் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றார்.

"தலைவரே, இங்க வாங்க. இந்தப் பனை எதுல முளைச்சிருக்கு?"

"பாறையில."

"பாறையில சில்லு. சில்லுக்கு அடியில என்ன?"

தலைவர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"பசை. என் பிழைப்பே இதுதான் சார், ஓட்டையில பசை வெச்சு அடைக்கறது. ரொம்ப நேர்த்தியா அடைச்சிருக்கீங்க. ஒண்ணுக்கொண்ணு ஒரே இடைவெளி, ஒரே வரிசை. பூச்சி எங்கயாவது ஸ்கேல் வெச்சு முளைக்குமா?"

தலைவர் தன் நடவைப் பார்த்தார். உண்மைதான். கோணலாக ஒன்றுகூட இல்லை. கோணலாக ஒட்ட அவருக்குக் கை வராது.

டாக்டர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாற்காலி. மூன்று தினுசு பிஸ்கட். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. மூலையில் நாலு தடத்துக்கு நடுவே எரியும் குட்டி விளக்கு. திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"கூப்ட்டிருந்தா வந்திருப்பேனே சார்" என்றார், மெதுவாக.

தலைவரைக் கேட்காமலேயே வலையை எடுத்து மாப்பிள்ளையைப் பிடித்தார். வாளியை மூடினார்.

"குழுவில..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன். ஆனா மாஸ்டரைப் போய்ப் பாருங்க. அந்தத் தொட்டியை நேர்ல பாருங்க."

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மாப்பிள்ளை மாஸ்டர் வீட்டில் இருந்தது, அங்கே போயிருப்பார். கூப்பிடலாமா என்று தலைவர் போனை எடுத்தார். என்ன பொருள் குறித்து என்று தெரியாமல் வைத்துவிட்டார். பொருள் இல்லாமல் அவர் யாரையும் அழைத்ததில்லை. குட்டித் தொட்டியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். பனைகள் சுருங்கின. இந்தத் தடவை விரியவில்லை.

பிறகு தன் தொட்டியிலேயே விலைமதிப்பான ஊதாக் கிளைப் பவளத்தில், ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கும் ஒடித்துக் கொடுக்காத அதில், ஒரு நல்ல கிளையை ஒடித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது மாஸ்டரின் மனைவி. "இவர் சொல்ற தலைவர் நீங்கதானா? இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன். வாங்க, வாங்க, செருப்பு இருக்கட்டும்." உள்ளே டிவி ஓடியது. அதைவிடச் சத்தமாக மாஸ்டரின் மாமியார் போனில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். தலைவர் வந்திருக்கிறார் என்று தெரிந்து மாஸ்டர் கையில் பெயிண்டோடு ஓடிவந்தார். தலைவரின் பார்வை பழக்கதோஷத்தில் அந்தப் பெயிண்டின் மேல் போய் வந்தது.

தொட்டி ஹாலின் மூலையில் இருந்தது. அது தோப்பு இல்லை, காடு. எலும்பு மாதிரி வெளுத்த பவளங்களுக்கு நடுவே பழுப்புக் கொண்டைகள் ஆடின. ஓர் ஓரத்தில் மாப்பிள்ளை நிதானமாக ஒன்றைப் பறித்துக்கொண்டிருந்தது.

"தனி ஆளா எவ்வளவுதான் சாப்பிடுவார், பாவம்" என்றார் மாஸ்டர். "பரவாயில்ல தலைவரே. உங்க ஆய்வுதான் முக்கியம்."

"ஆய்வெல்லாம் ஒண்ணும் இல்ல மாஸ்டர். எனக்கும் பனைதான். அது தீர்ந்தப்புறமும் நான்தான் வெச்சுக்கிட்டேன்."

"பனைன்னு எல்லாருக்கும் தெரியும் தலைவரே" என்றார் மாஸ்டர், ஆறுதலாக. பின்பாதி அவர் காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்துவிட்டாரா என்று தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்துவிட்டார். "ஐயோ, ஊதாவா! எனக்கா? அடியே, இங்க வந்து பாரு, தலைவர் ஊதாவை ஒடிச்சுக் கொண்டுவந்திருக்கார்!"

பாட்டிலைத் திறந்து நேராகத் தொட்டிக்குள் விடப் போனார்.

"குளிப்பாட்டணும்" என்றார் தலைவர்.

"உங்க வீட்டுப் பவளத்துக்குமா?"

"எங்க வீட்டுப் பவளத்துக்குத்தான்."

ஒரு பாத்திரத்தில் மருந்துத் தண்ணீர் கலந்தார்கள். ஊதாக் கிளை அதில் இறங்கியதும் தன் இதழ்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் குச்சியாயிற்று. மாமியார் போனைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார். யாரோ ஒரு நாற்காலியைத் தலைவருக்குப் பின்னால் தள்ளினார்கள்.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. சாயங்காலம் ஆகியிருந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றாள் மனைவி. அப்புறம், "என்ன அங்க சத்தம்? டிவி வாங்கிட்டீங்களா?"

"இல்ல. ஒரு வீட்டுல இருக்கேன்."

"யார் வீட்டுல?"

தலைவர் பாத்திரத்தில் கிடந்த குச்சியைப் பார்த்தார். "உன் கல்லு போச்சு" என்றார். "மீன் தின்னுடுச்சு. என் தப்புதான். அப்புறம் பேசறேன், இங்க ஒரு வேலை இருக்கு."

மறுமுனையில் அவள் எதுவும் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அவளுக்கு முன்னால் அவர் போனை வைத்தது அன்றுதான்.

பத்து நிமிடம் முடிந்தது. அலசிய கிளையை மாஸ்டர் நல்ல கடல்நீர் உள்ள ஒரு வாளிக்கு மாற்றினார். சில வாரம் அதில்தான் காவல். கைகளைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளியை வழியனுப்பும் முகத்தோடு நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானே தலைவரே?"

"இல்ல" என்றார் தலைவர். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். குரலில் பழைய முத்திரைச் சத்தம் வந்திருந்தது. "குளிச்ச பவளம் திரும்ப விரியிற வரைக்கும் யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்."

"அப்படி ஒரு விதி இருக்கா?" மாஸ்டருக்கு எல்லா விதியும் மனப்பாடம்.

"திருத்தம். இன்னைலேர்ந்து."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது" என்றார் தலைவர், வாளியையே பார்த்துக்கொண்டு. குச்சி குச்சியாகவே இருந்தது. சில பவளங்கள் மறுநாள் காலையில்தான் விரியும் என்பதை அவர் சொல்லவில்லை.

"அப்ப டீ போட்டுடறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.